சிறைக்கு அனுப்பிய புத்தகத்தைத் தடுத்தால், அனுப்பியவருக்கும் சொல்ல வேண்டும்

அமெரிக்கச் சிறைகளுக்குத் தபாலில் போகும் புத்தகங்களும் பத்திரிகைகளும் எப்படித் தடுக்கப்படுகின்றன என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அட்டிகாவிலிருந்து தொடங்குகிறேன். நியூயார்க் மாநிலத்துச் சிறை. 1971 செப்டம்பரில் அங்கிருந்த சிறைவாசிகள் கிளர்ந்தெழுந்து, சிறைக் காவலர்களையும் ஊழியர்களையும் பிணையாகப் பிடித்தார்கள். நல்ல சாப்பாடு, மருத்துவம், செய்த வேலைக்குக் கூலி என்று அவர்கள் கேட்டவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பதிப்பாளர்களிடமிருந்து வரும் செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் தணிக்கை செய்வதை நிறுத்துங்கள். உயிரைப் பணயம் வைத்து நின்றவர்கள் சோற்றோடு சேர்த்து வாசிப்பையும் கேட்டிருக்கிறார்கள். சிறைத்துறை ஆணையர் ஏற்பதாகச் சொன்ன 28 கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆனால் பொதுமன்னிப்பு விஷயத்தில் பேச்சு முறிந்தது. செப்டம்பர் 13 அன்று அரசுப் படை சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் மட்டும் 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் பிணையாக இருந்தவர்கள்.

இந்த வரலாற்றைப் பல வருடம் உழைத்து எழுதியவர் ஹெதர் ஆன் தாம்ப்சன். ‘பிளட் இன் தி வாட்டர்’ என்ற அந்த நூலுக்கு 2017இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே நூலை நியூயார்க் சிறைகளில் இருப்பவர்கள் படிக்க முடியவில்லை. 2022இல் அவர் வழக்குப் போட்டார். அதன்பிறகு சிறைத்துறை இறங்கி வந்து, சிறையின் வரைபடம் உள்ள தாளை மட்டும் எடுத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்றது. ஒரு தாளை எடுத்தால் தீரும் பிரச்சினை என்றால், அதுவரை முழுப் புத்தகத்தையும் எதற்காக நிறுத்தி வைத்தார்கள்? யாரும் கேட்கவில்லை, அதனால் நிறுத்தி வைத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும் ஒரே பதில்.

நியூஜெர்சியிலும் இதே கதை. கறுப்பின மக்கள் பெருமளவில் சிறையில் அடைக்கப்படுவதைப் பற்றி மிஷெல் அலெக்சாண்டர் எழுதிய ‘தி நியூ ஜிம் க்ரோ’ அங்கே இரண்டு சிறைகளில் தடை செய்யப்பட்டிருந்தது. 2018 ஜனவரியில் குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் ஓர் அமைப்பு கடிதம் எழுதிக் கேட்டதும் தடை நீங்கியது. வழக்குகூடத் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து ஒரு கேள்வி வந்தவுடன் விழுந்துவிடும் தடைக்குப் பின்னால் என்ன பாதுகாப்புக் காரணம் இருந்திருக்க முடியும்?

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெடிகுண்டு செய்யும் முறையையோ, பூட்டை உடைக்கும் வழியையோ சொல்லித்தரும் புத்தகத்தை உள்ளே விடக் கூடாது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தடுப்பது யார், எந்தக் காரணத்துக்காக, அதை யாரிடம் சொல்லிவிட்டுத் தடுக்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இலேயே ஒரு நல்ல பதில் சொன்னது. கலிஃபோர்னியா சிறைகளில் ‘அளவுக்கு மீறிக் குறை சொல்லும்’ கடிதங்களைக்கூடத் தடுக்கலாம் என்று விதி இருந்தது. புரொகுனியர் எதிர் மார்ட்டினெஸ் வழக்கில் அந்த விதிகளை நீதிமன்றம் செல்லாது என்றது. கடிதம் என்பது இருவருக்கு இடையில் நடப்பது, அதைத் தடுத்தால் வெளியில் இருப்பவரின் பேச்சுரிமையும் அடிபடுகிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதோடு, தடுத்தால் சிறைவாசிக்குத் தெரிவிக்க வேண்டும், எழுதியவருக்கு ஆட்சேபிக்க வாய்ப்பு தர வேண்டும், அந்த ஆட்சேபத்தை முதலில் தடுத்தவர் அல்லாத வேறொரு அதிகாரி பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு எளிமையான, நியாயமான ஏற்பாடு!

அப்புறம் காற்று மாறியது. 1987இல் டர்னர் வழக்கு, 1989இல் தார்ன்பர்க் எதிர் அபட் வழக்கு. உள்ளே வரும் வெளியீடுகளைப் பொறுத்தவரை, சிறை நிர்வாகத்தின் நியாயமான தேவையோடு ஓரளவு பொருந்தினாலே போதும், தடை செல்லும் என்றாகிவிட்டது. 2006இல் இன்னும் ஒரு படி கீழே. பென்சில்வேனியாவில் மிகக் கடுமையான தனிப்பிரிவில் இருந்தவர்களுக்குச் செய்தித்தாள், பத்திரிகை, சொந்தக்காரர்களின் புகைப்படம் என எதையும் தராமல் இருந்ததை உச்ச நீதிமன்றம் சரி என்றது. நல்ல நடத்தைக்கு அது தூண்டுகோலாம். மனிதனுக்கு மிச்சமிருக்கும் கடைசி விஷயத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அதைத் தூண்டுகோல் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இவ்வளவு சறுக்கலிலும் பிழைத்து நிற்பது அந்த ‘தெரிவிக்க வேண்டும்’ என்ற கடமைதான். புளோரிடா வழக்கைப் பாருங்கள். ‘பிரிசன் லீகல் நியூஸ்’ என்ற மாத இதழை 1990இல் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையில் இருந்த பால் ரைட்டும் எட் மீடும் தொடங்கினார்கள். சிறைவாசிகளின் சட்ட உரிமைகளைப் பற்றிப் பேசும் இதழ். தொலைபேசிச் சேவை, பேனா நட்பு, தபால்தலையைப் பணமாக்குவது போன்ற விளம்பரங்கள் அதில் இருப்பதாகச் சொல்லி புளோரிடா சிறைத்துறை இதழையே தடுத்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையைச் சரி என்றது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஆனால் இதழைத் தடுக்கும்போது பதிப்பாளருக்கு முறையாக அறிவிக்காதது தவறு என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. பெரிய தோல்விக்கு நடுவே கிடைத்த அந்தச் சின்ன வெற்றியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் தடுத்தோம் என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டியிருந்தால், தபால் அறையில் இருப்பவர் அந்தப் பக்கத்தை ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பார்.

நன்கொடைப் புத்தகங்கள் விஷயமும் இதேதான். 2019இல் வாஷிங்டன் மாநிலச் சிறைத்துறை, தொண்டு அமைப்புகள் அனுப்பும் பழைய புத்தகங்களை நிறுத்தியது. புத்தகத்துக்குள் கடத்தல் பொருள் வருகிறது என்றார்கள். செய்தியாளர்கள் அந்தச் சம்பவப் பதிவுகளை வாங்கிப் பார்த்தபோது காரணம் நிற்கவில்லை. சில வாரங்களில் விதி திரும்பப் பெறப்பட்டது. கையில் காசு இல்லாத சிறைவாசிக்கு இந்தப் பழைய புத்தகங்களை விட்டால் வேறு வழி கிடையாது. புத்தம் புதிதாகப் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ மட்டும்தான் வர வேண்டும் என்ற விதி, பார்ப்பதற்குத் தணிக்கை மாதிரியே தெரியாது. விளைவு மட்டும் அதேதான்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் பலர் இப்படிப் புத்தகம் அனுப்பும் குழுக்களோடு வேலை செய்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். புத்தகம் திரும்பி வந்தால் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம், எந்த விதி, யார் முடிவெடுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், பெரும்பாலும் குறைவான நாட்கள்தான், அதற்குள் மனுவை அனுப்பிவிடுங்கள். உறையையும் அதில் ஒட்டியிருக்கும் மறுப்புச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உள்ளே இருப்பவரையும் தன் பங்குக்குப் புகார் எழுதச் சொல்லுங்கள். சிறைக்குள் இருக்கும் புகார் நடைமுறையை முழுதாக முடிக்காமல் அவரால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1996இல் வந்த சட்டம் அப்படி. வெளியில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தடை இல்லை.