ரெண்டு நாள் தூத்துக்குடிக்குப் போனது ஒரு குத்தமாவே?

முந்தாநாள் நான் போட்ட நாலு வரியை எல்லாரும் படிச்சிருப்பீங்க. அத்தை பேத்திக்குக் காதுகுத்து, ரெண்டு நாள் தூத்துக்குடியில இருந்தேன், தெருவு சுத்தமா இருந்துச்சு, நம்ம திருநெல்வேலியும் இப்படி இருந்தா என்னன்னு கேட்டேன். அவ்வளவுதான். "அங்கேயே போய் இருந்துக்கிடும்வே"ன்னு ஒருத்தர். "ஊரைக் காட்டிக்கொடுத்தவன்"னு இன்னொருத்தர். அவர் யாரோ இல்ல, பாளையங்கோட்டையில என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவர்.

நல்லா இருக்கிறதை நல்லா இருக்குன்னு சொன்னா சொந்த ஊரைப் பழிச்சதா ஆயிருமா? பக்கத்து வீட்டு மீன்குழம்பு ருசின்னு சொன்னவன் எல்லாம் ஆத்தாளை வெறுத்தவனா?

நான் பார்த்தது சின்ன விஷயம். காலையில ஆறரைக்கு ஒரு அக்கா விசில் ஊதிக்கிட்டே குப்பை வண்டியைத் தள்ளிட்டு வந்தாங்க. அத்தை ரெண்டு வாளியை நீட்டினா. காய்கறித் தோலுக்குள்ள பால் கவர் ஒண்ணு கிடந்துச்சு. அந்தக்கா அதை எடுத்து அத்தை கையிலயே திருப்பிக் கொடுத்துட்டாங்க! எழுபது வயசு அத்தை, "தெரியாம விழுந்துட்டும்மா"ன்னு வாங்கிக்கிட்டா. எங்க தெருவுல இப்படிச் செஞ்சா என்ன நடக்கும்? (எங்க வீட்டுலயே என்ன நடக்கும்? சரி, சவத்தை விடுங்க.)

"ஒரு தெருவைப் பாத்துட்டு ஊரை எடைபோடாதீரும்"ங்காங்க. ரெண்டு நாள்ல ஊரு பூராவும் சுத்திப் பார்க்க நான் என்ன கலெக்டரா? "2023 டிசம்பர்ல மிதந்த ஊருதானே"ங்காங்க. அத்தை வீட்டுச் சுவத்துல காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழ அந்தக் கோடு இன்னும் இருக்கு, வெள்ளையடிச்சும் போகல. அன்னைக்கு நம்ம ஜங்ஷன் மட்டும் காஞ்சா கிடந்துச்சு?

ஆனா ஒண்ணுதான் என்னைச் சுட்டுச்சு. "நம்ம ஆத்துத் தண்ணியைக் குடிக்கிறவனுக." 1986 வரைக்கும் ஒரே ஜில்லாவா இருந்தவங்களை இப்படியா பேசுறது? வல்லநாட்டுல எடுக்கிற தாமிரபரணித் தண்ணிதான் அங்க போகுது, வாஸ்தவம். வல்லநாட்டுக்கு முந்தி அது எந்த ஊரு வழியா போகுதுவே? நம்ம சாக்கடையையும் சேர்த்துல்லா அனுப்புதோம்! 1843ல சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டினார். நாம அதே பாலத்துல வண்டியை ஓரங்கட்டி, பூசைப் பூவைப் பிளாஸ்டிக் பையோட ஆத்துல வீசுதோம். இதுல பெருமை வேற.

எங்க அப்பா தினமும் குறுக்குத்துறையில குளிச்சவர். குளிச்சு முடிச்சு ரெண்டு கை தண்ணி அள்ளிக் குடிச்சுட்டுத்தான் கரையேறுவார். போன மாசம் அவர் திதிக்கு மகனைக் கூட்டிட்டுப் போனேன். யாரோ விட்டெறிஞ்ச பழைய வேட்டி கால்ல சுத்திட்டு, பய கரைக்கு ஓடிட்டான். "இறங்குல"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு மூணு முங்கு போட்டேன். நான் ஊரைக் காட்டிக்கொடுத்தவனாம்!

தூத்துக்குடிக்கு நான் வெறுங்கையோட போகல, டவுண்ல வரிசையில நின்னு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுத்தான் போனேன். அத்தை பதிலுக்கு மக்ரூன் குடுத்துவிட்டிருக்கா. பெஞ்சுக்காரருக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சிருக்கேன். சீக்கிரம் வாரும்வே, நமத்துப் போயிரும்.