கடன்பட்ட பிரபுவும் கிராமத்துப் பெண்ணும்: கடைசி அத்தியாயத்துச் சித்தப்பா எனக்கு வேண்டாம்

ரீஜென்சி காதல் நாவல்களில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் கதைகளில், எனக்கு எப்போதும் அலுக்காத கதை ஒன்று உண்டு. பட்டம் இருக்கிறது, நூறு அறை மாளிகை இருக்கிறது, ஆனால் கையில் காசில்லாத ஒரு பிரபு. அவன் எதிரே, மாட்டுக்கு எப்போது சினை பிடிக்கும், மழை எப்போது வரும், எந்தக் குத்தகைக்காரன் ஏமாற்றுவான் என்று தெரிந்த ஒரு கிராமத்துப் பெண். யார் எழுதினாலும் வாங்கிப் படித்துவிடுவேன். இதையெல்லாம் வெட்டிப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

அந்த உரிமையில்தான் இந்த வருத்தத்தைச் சொல்கிறேன். முந்நூறு பக்கம் கடன், கடன் என்று கதை நகரும். கூரை ஒழுகும், வேலைக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி இருக்கும், நாயகன் தூக்கம் வராமல் நடந்துகொண்டே இருப்பான். கடைசி அத்தியாயத்தில் எங்கோ கடல் கடந்து வாழ்ந்த ஒரு சித்தப்பா செத்துப்போவார். அவர் சொத்து முழுக்க இவன் பேருக்கு வரும். கடன் தீர்ந்தது, கல்யாணம், சுபம். அந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. இந்த இரண்டு பேரும் அந்தக் கடனோடு என்ன செய்தார்கள் என்பதுதானே அவர்களுடைய காதல்? அதைப் பிடுங்கிவிட்டு ஒரு சாவை வைத்துக் கணக்கை முடித்தால் எப்படி?

இதைச் சொல்ல அந்தக் காலத்துப் பணம் எப்படி இயங்கியது என்று கொஞ்சம் பேச வேண்டும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை பாதிக்கப்பட்டு ஆள முடியாமல் போனபோது, 1811 முதல் 1820 வரை அவருடைய மூத்த மகன் பதிலாளாக இருந்து ஆண்டார். அதுதான் ரீஜென்சி. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபு ஏழையாவது நம் ஊரில் ஒருவர் நொடித்துப்போவது மாதிரி இல்லை. பெரும்பாலும் குடும்ப நிலம் அவன் விருப்பப்படி விற்க முடியாதபடி பத்திரத்தில் கட்டப்பட்டிருக்கும். உயிரோடு இருக்கும்வரை வருமானத்தை அனுபவிக்கலாம், பிறகு அப்படியே மூத்த மகனுக்குப் போக வேண்டும். அந்த வருமானத்திலிருந்துதான் விதவைத் தாய்க்கு ஆண்டுத்தொகை, தங்கைகளுக்குச் சீர், தம்பிகளுக்குப் பங்கு, அப்பா வாங்கிவைத்த அடமானக் கடனுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும். மிச்சம் எதுவும் இருக்காது. ஆனால் குதிரைவண்டி வேண்டும், லண்டனில் வீடு வேண்டும், சீட்டாட்ட மேசையில் முகம் காட்ட வேண்டும்.

சீட்டில் தோற்ற பணத்துக்குக் கௌரவக் கடன் என்று பெயர். பெரிய தொகை என்றால் சட்டப்படி வசூலிக்கவே முடியாது. ஆனாலும் அதைத்தான் முதலில் அடைப்பார்கள், இல்லாவிட்டால் கிளப்பில் தலைகாட்ட முடியாது. தையல்காரர், மெழுகுவத்திக் கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர் எல்லாம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். பட்டம் உள்ள பிரபுவைக் கடனுக்காகச் சிறையில் போட முடியாது என்று சட்டம் இருந்தது. அவரை நம்பித் துணி தைத்துக் கொடுத்த தையல்காரர் துணி வியாபாரிக்குப் பணம் தர முடியாமல் போனால், அவரைத் தாராளமாகச் சிறையில் தள்ளலாம். நாயகன் பணக்கஷ்டத்தில் இருக்கிறான் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தையல்காரர் ஞாபகம் வரும். அவரை ஒரு பாத்திரமாகவாவது கொண்டுவரும் நாவல் எனக்கு உடனே பிடித்துப்போகும்.

அப்புறம் பெண்ணின் நிலை. அன்றைய சட்டத்தில் கல்யாணமான நொடியில் அவளுடைய ரொக்கம், நகை, சாமான் எல்லாம் கணவனுக்குச் சொந்தம். நிலம் இருந்தால் அதன் வருமானம் அவனுக்கு. மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று முழுமையான சட்டம் வந்தது 1882-ல்தான். அதுவரை ஒரே பாதுகாப்பு, கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் பத்திரம். இன்ன தொகை டிரஸ்டிகள் கையில் இருக்கும், கணவன் தொடக்கூடாது, அவன் இறந்தால் அவளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வக்கீல்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். பத்திரம் போடும் அளவுக்குக் குடும்பம் இல்லாத பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

சரி, நிஜத்தில் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, ரீஜென்சிக்கு இருபது வருடம் முன்னால். ஹென்றி செசில் என்பவர் எக்ஸெட்டர் பிரபுவின் தம்பி மகன், பர்லி என்ற பிரம்மாண்டமான மாளிகைக்கு வாரிசு. 1776-ல் எம்மா வெர்னன் என்ற பெரும் சொத்துக்காரியைக் கல்யாணம் செய்தார். வூஸ்டர்ஷயரில் உள்ள ஹான்பரி மாளிகை எம்மாவுடையது. அந்தச் சொத்தில் ஆடம்பரமாக வாழ்ந்து கடன் ஏறிக்கொண்டே போனது. 1789-ல் எம்மா உள்ளூர்த் தேவாலயத்தின் உதவிப் பாதிரியாரோடு ஓடிப்போனார். ஹான்பரியின் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. செசில் கடன்காரர்களிடமிருந்து தப்பி ஷ்ரோப்ஷயரில் கிரேட் போலஸ் என்ற சின்னக் கிராமத்துக்குப் போய், ஜான் ஜோன்ஸ் என்ற பெயரில் தங்கினார். அங்கே ஒரு விவசாயியின் மகள் சாரா ஹாகின்ஸ். 1790 ஏப்ரலில் இருவருக்கும் கல்யாணம். அவருக்கு 36, அவளுக்கு 16.

இந்த வயதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதைவிட இன்னொரு விஷயம்: அப்போது எம்மாவோடு அவருக்கு விவாகரத்து ஆகியிருக்கவில்லை. அதாவது அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது, பேரும் பொய். அந்தப் பெண்ணுக்கோ அவள் வீட்டாருக்கோ அவர் யாரென்றே தெரியாது. எந்த நிமிடமும் அவர் எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு ஊரில் மானம் போயிருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அவர் போகவில்லை. 1791-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அவருக்கு விவாகரத்து கொடுத்தது. அன்று இங்கிலாந்தில் மறுமணம் செய்ய வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி. விவாகரத்து கிடைத்த கையோடு, அதே ஆண்டு அக்டோபரில், லண்டனில் ஒரு தேவாலயத்தில் சாராவை மறுபடி கல்யாணம் செய்தார், இந்தத் தடவை சொந்தப் பெயரில். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் மிகப்பெரிய வீடுகளில் ஒன்று தன் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்த ஒருவர், செல்லாத கல்யாணத்தைச் செல்லும் கல்யாணமாக்க ஒரு விவசாயி மகளைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார். இந்தக் கதையில் எனக்கு மனசு நிறைந்த இடம் இதுதான். 1793 டிசம்பரில் எக்ஸெட்டர் பிரபுவான பெரியப்பா இறந்தார், இவர் பத்தாவது எக்ஸெட்டர் பிரபு ஆனார், சாரா சீமாட்டி ஆனாள். அந்தச் சாவு வந்தபோது அவளுடைய இடம் இரண்டு வருடம் முன்பே உறுதியாகியிருந்தது. நாவல்காரர்கள் சித்தப்பாவைக் கொல்லத்தான் வேண்டும் என்றால் இந்த வரிசையையாவது பின்பற்றட்டும்.

ஓவியர் தாமஸ் லாரன்ஸ் இவர்கள் இருவரையும் மகள் சோஃபியாவையும் சேர்த்து வரைந்த ஓவியம் பர்லியில் இருக்கிறது. 1797 ஜனவரியில், ஒரு மகனைப் பெற்ற சில நாட்களில், சாரா இறந்துபோனாள். வயது 23. பிற்பாடு ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் இந்தக் கதையை ஒரு கவிதையாக எழுதினார். அதில் அந்தப் பெண் திடீரென்று வந்த பட்டத்தின் பாரம் தாங்காமல் உருகி உருகிச் சாகிறாள். கிராமத்துப் பெண்ணுக்கு மாளிகை தாங்காது என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. அவள் இறந்தது அன்று எல்லா வீட்டிலும் பெண்கள் இறந்த அதே பிரசவத்தில். அதற்கு முன்பே 1795-ல் அவள் பெற்ற மகன்தான் அப்பாவுக்குப் பிறகு மாளிகைக்கும் பட்டத்துக்கும் வந்தான். இதை நினைக்க நினைக்க எனக்கு அந்தக் கவிதைமேல் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் கவிஞர் பைரன் பிரபு. பத்து வயதில் பட்டம் வந்தது. கூடவே வந்த நியூஸ்டெட் மாளிகை பாழடைந்து கிடந்தது, முந்தைய பிரபு அதன் மரங்களை வெட்டி விற்றுத் தீர்த்திருந்தார். 1815 ஜனவரி 2-ம் தேதி, டர்ஹம் கவுண்டியில் கடலோரத்து சீஹம் மாளிகையில், அனபெல்லா மில்பாங்கைக் கல்யாணம் செய்தார். கிராமப்புறத்தில் வளர்ந்த, கணிதத்தில் தேர்ந்த பெண். பத்திரம், சீர், வக்கீல் எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த வருடம் நவம்பரில், அவள் நிறைமாதமாக இருக்கும்போது, லண்டன் வீட்டுக்குள் ஜப்தி ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரபுவைக் கைது செய்ய முடியாதே தவிர சாமானை ஜப்தி செய்யலாம். டிசம்பரில் குழந்தை ஏடா பிறந்தாள். ஜனவரியில் அனபெல்லா குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போனார், திரும்பவே இல்லை. ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டே போனார். கடனால் மட்டும் அந்தக் கல்யாணம் உடையவில்லை, அவருடைய நடத்தை அதைவிட மோசம். ஆனால் தன் கடனை மனைவியோடு உட்கார்ந்து பார்க்காத, குடித்துவிட்டுக் கத்துகிற ஒரு மனிதனை நாயகன் என்று எனக்குக் கொடுத்தால் நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு வேண்டிய கதை வேறு. 1812-ல் ஒரு குவாட்டர் (அன்றைய தானிய அளவை) கோதுமை 120 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. நெப்போலியன் போரால் வந்த விலை அது. பிரபுக்கள் அந்த விலையை நம்பிக் குத்தகையை ஏற்றினார்கள், அந்தக் குத்தகையை நம்பிக் கடன் வாங்கினார்கள். போர் முடிந்து 1816 தொடக்கத்தில் விலை பாதிக்கும் கீழே போனது. 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக்கூடாது என்று 1815-ல் சட்டம் போட்டும் உடனே பலனில்லை, ரொட்டி விலைக்குப் பயந்த லண்டன் மக்கள் தெருவில் இறங்கியதுதான் மிச்சம். அதன்மேல் 1816-ல் கோடையே வரவில்லை. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு அது. பயிர் அழுகியது. குத்தகைக்காரர்கள் நிலத்தை விட்டுவிட்டு ஓடினார்கள்.

இந்த 1816-ல் ஒரு கதையை வையுங்கள். மார்ச் 25 குத்தகை நாள். மேசையில் கணக்குப் புத்தகம் விரிந்திருக்கிறது. பாதிப் பேர் பணம் கொண்டுவரவில்லை. காரியஸ்தர் அவர்களை வெளியேற்றச் சொல்கிறார். பிரபுவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் சொல்கிறாள்: வெளியேற்றினால் அந்த நிலத்துக்கு வேறு யார் வருவார்கள்? இந்தத் தவணையைப் பாதியாக்குங்கள், இருபத்தொரு வருடக் குத்தகை எழுதிக்கொடுங்கள், நிலம் தன் கையில் நிற்கும் என்று தெரிந்தால்தான் அவன் வடிகால் வெட்டுவான், டர்னிப் போடுவான், க்ளோவர் விதைப்பான். இது கற்பனை யோசனை இல்லை, நார்ஃபோக்கின் ஹோல்கம் பண்ணையில் நீண்ட குத்தகையும் பயிர் சுழற்சியும் நன்றாகவே நடந்துகொண்டிருந்தன. பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பண்ணை வீட்டுப் பெண்கள் கையில் இருந்த தொழில். கோதுமை விழுந்த வருடத்தில் எது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரபு லண்டன் வீட்டைக் காலி செய்கிறான், குதிரைகளை விற்கிறான், தையல்காரரின் பாக்கியை முதலில் கொடுக்கிறான். அவள் சொன்னதைக் கேட்டு ஒரு மனிதன் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதை விட எனக்குக் காதலாகத் தெரிவது எதுவும் இல்லை. பூக்கூடையும் நிலவொளியும் அப்புறம் வரட்டும், அதுவும் எனக்குப் பிடிக்கும்.

அந்தச் சித்தப்பாவின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். பெரும்பாலான நாவல்களில் ஜமைக்கா, அல்லது இந்தியா. ஜமைக்கா என்றால் அடிமைகள் வெட்டிய கரும்பு. 1807-ல் அடிமை வியாபாரத்தைத்தான் தடை செய்தார்கள், அடிமைகளை வைத்துக்கொள்வதை இல்லை. 1833-ல் அதையும் ஒழித்தபோது 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு முதலாளிகளுக்குப் போனது, அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை. இந்தியா என்றால் பல சமயம் நம் மதராஸ். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் பால் பென்ஃபீல்டு ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சல்மேலேயே உரிமை கோரியவர். 1776-ல் அந்தச் சச்சரவில் மதராஸ் கவர்னர் பிகட்டையே அவருடைய சொந்த கவுன்சில் கைது செய்தது, காவலிலேயே அவர் இறந்தார். பென்ஃபீல்டு ஊர் திரும்பி ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் மாளிகையை வாங்கினார். காவிரிக் கரையில் நெல் விளைவித்தவர்களின் பணம் அங்கே போய் உட்கார்ந்தது. ஆகவே 'மதராஸிலிருந்து வந்த சொத்து' என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு வரியில் எழுதிக் கடனைத் தீர்க்கும்போது, ஒரு தமிழ் வாசகியாக என்னால் சந்தோஷப்பட்டுப் புத்தகத்தை மூட முடிவதில்லை.

எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க ஆசை. எம்மா வெர்னனை யாராவது எழுதுங்கள். ஹான்பரி அவளுடைய பரம்பரைச் சொத்து. ஆனால் விவாகரத்துக்குப் பிறகும் அந்தச் சொத்தின் மேல் செசிலின் பிடி விடவில்லை. 1804-ல் அவர் இறந்த பிறகுதான் அவளால் தன் வீட்டுக்குத் திரும்பி வர முடிந்தது. அப்போது அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கிராமத்தில் பிறந்து வளர்ந்த சொத்துக்காரி, ஒரு பிரபு வாரிசு அவள் பணத்தைக் கரைத்தான், பதினைந்து வருடம் கழித்து அவள் காலியான மாளிகையின் கதவைத் திறக்கிறாள், இந்தத் தடவை பக்கத்தில் இருப்பது இன்னொரு கணவர். அங்கிருந்து தொடங்கி எழுதுங்கள். ஐம்பது வயதில் நாயகியாக அவளை வைத்து ஒரு காதல் நாவல் வந்தால் வெளியான அன்றே வாங்குவேன், தெரிந்த எல்லோரையும் வாங்க வைப்பேன்.