மௌனம் யாருடையது? அண்மையில் படித்த சில காதல், மர்ம, ஃபேன்டஸி நாவல்களைப் பற்றி

காதல், மர்மம், ஃபேன்டஸி ஆகிய மூன்று வகை நாவல்களையும் அண்மைக் காலத்தில் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சில புதியவை, சில மறுவாசிப்புகள். இவற்றை எடைபோட ஒரே ஒரு கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று வகைகளுமே எதையாவது மறைத்துவைத்துத்தான் நகர்கின்றன. காதல் கதையில் ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரிவதில்லை. மர்மக் கதையில் குற்றத்தின் உண்மை தெரிவதில்லை. ஃபேன்டஸியில் அந்த உலகம் எந்த விதிப்படி இயங்குகிறது என்பது தெரிவதில்லை. மறைப்பதில் பிழையில்லை. ஆனால் அப்படி வாய் மூடியிருப்பதற்குக் கதைக்குள் வாழும் ஒருவருக்குக் காரணம் இருக்கிறதா, அல்லது நானூறு பக்கங்களை நிரப்பியாக வேண்டிய ஆசிரியருக்கு மட்டும்தான் காரணம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. (மர்மங்களின் முடிச்சை எங்கும் அவிழ்க்கவில்லை. படிக்காதவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம்.)

காதல் நாவல் என்றால் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் வரையறை. அதாவது, இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டையைத் திருப்பும்போதே வாசகருக்குத் தெரியும். அப்படியானால் நாவலின் முழுப் பாரமும் அவர்களைத் தடுத்து நிறுத்தும் தடையின் மேல்தான் இறங்குகிறது. அந்தத் தடை வலுவில்லாமல் இருந்தால் மற்ற எதுவும் நாவலைக் காப்பாற்றாது. நாயகன் ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதை நாயகி தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறாள். அவள் அவனுடைய தங்கை என்பது நமக்கு அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் நாயகிக்குத் தெரிய இருநூறு பக்கங்கள் ஆகின்றன. "யார் அவள்?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்தை வைத்து ஊரைவிட்டே போய்விடும் நாயகிகளை இனியும் பொறுத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

இதற்கு நேர்மாறாக நிற்பது, அண்மையில் மறுபடி படித்த ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. ஆசிரியர் 1817 ஜூலையில் இறந்த பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்த நாவல் இது. ஆன் எலியட்டுக்கு இப்போது 27 வயது. 19 வயதில், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதித்துவிட்டு, தாயின் இடத்தில் நின்ற லேடி ரஸ்ஸலின் அறிவுரையைக் கேட்டு அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றவள். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் 25,000 பவுண்டு சொத்தோடு திரும்பி வருகிறார். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே மேசையில் உண்கிறார்கள், ஆனாலும் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை தள்ளப்பட்டவரின் தன்மானம் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. தள்ளியவள் தானே போய் முதலில் பேச முடியாத காலமும் குற்றவுணர்வும் அவள் வாயைக் கட்டியிருக்கின்றன. இந்த மௌனத்தில் ஒரு துளிகூட ஆசிரியருடையது இல்லை.

அந்த மௌனம் உடையும் இடத்தைப் பல முறை திருப்பித் திருப்பிப் படித்தேன். விடுதி அறையொன்றில் வென்ட்வொர்த் நண்பர் ஹார்வில்லுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். சன்னலருகே ஆனும் ஹார்வில்லும், நீண்ட காலம் மாறாமல் நேசிப்பவர்கள் ஆண்களா பெண்களா என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஒரு சிறு ஓசை கேட்கிறது. வென்ட்வொர்த்தின் கையிலிருந்து பேனா நழுவி விழுந்திருக்கிறது. தான் நினைத்ததைவிட அவர் அருகில்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் ஆனுக்கு உறைக்கிறது. பெண்களின் நிலையற்ற மனத்தைப் புத்தகங்களெல்லாம் சொல்கின்றனவே என்று ஹார்வில் கேட்கும்போது, புத்தகங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம், பேனா இதுவரை ஆண்களின் கையில்தான் இருந்திருக்கிறது என்று அவள் பதில் சொல்வது அதற்குப் பிறகு. முன்னதாகவே அந்தப் பேனா கீழே விழுந்துவிட்டது என்பதை ஆஸ்டின் சுட்டிக்காட்டுவதில்லை. போகிறபோக்கில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கையுறையை மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லித் திரும்பி வரும் வென்ட்வொர்த், சிதறிக் கிடக்கும் தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி ஆனின் முன் வைத்துவிட்டு வெளியேறுகிறார்.

ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவு இதுவல்ல. 1816 ஜூலையில் அவர் முடித்த வடிவத்தில், வென்ட்வொர்த்தின் மைத்துனரான அட்மிரல், ஆன் எலியட்டை வீட்டுக்குள் அழைத்து, அவள் வேறொருவரை மணக்கப்போகிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலையை வென்ட்வொர்த்திடமே ஒப்படைக்கிறார், அவள் இல்லை என்கிறாள், எல்லாம் சுபம். சில வாரங்களில் அதை அடித்துவிட்டு ஆஸ்டின் புதிதாக எழுதினார். கைவிடப்பட்ட அந்தப் பக்கங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. பழைய வடிவத்தில் மௌனத்தை உடைப்பவர் கதாசிரியர் அனுப்பிவைத்த ஒரு மூன்றாம் மனிதர். புதிய வடிவத்தில் ஆன், தன் குரலில், தன் கருத்தாகச் சொல்லும் வார்த்தைகளே அதை உடைக்கின்றன. காதல் நாவல் எழுத நினைக்கும் எவரும் இந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். வேறு பயிற்சிப் பட்டறை தேவைப்படாது.

மர்ம நாவலுக்கு வருகிறேன். இந்த வகையில் மட்டும் மறைப்பதற்கென்றே எழுதிவைத்த சட்டங்கள் உண்டு. 1929-இல் ஆங்கில மர்ம எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில், இரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, இரட்டையர்களை முன்னறிவிப்பில்லாமல் கொண்டுவரக் கூடாது, துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பவையெல்லாம் அடங்கும். பாதி வேடிக்கையாக எழுதப்பட்டவைதான் என்றாலும் அடிப்படை நியாயம் வலுவானது. இந்த விதிகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1926-இலேயே அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' வந்து ஒரு சாராரை ஏமாற்றுக் கதை என்று கொதிக்கவைத்திருந்தது. எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகரின் வேலை என்று சக மர்ம எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். முடிவு தெரிந்த பிறகு அந்த நாவலை மறுபடி படித்தவன் என்ற முறையில் நானும் அவர் கட்சிதான். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஒரு பத்து நிமிட இடைவெளியைத் தாண்டும் விதத்தில் மட்டும் அபாரமான கைத்திறன் இருக்கிறது. அந்த மௌனமும் கதைக்குள் இருக்கும் ஒருவருடையது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (ஜப்பானிய மூலம் 2005) இன்னும் ஒரு படி மேலே போகிறது. யார் கொன்றார், யாரைக் கொன்றார், ஏன் கொன்றார் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கொடுமைக்காரனான முன்னாள் கணவன் யசுகோவின் வீட்டில் இறந்துகிடக்கிறான். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைத் தட்டுகிறார். அவள் வேலை செய்யும் கடையில் நாள்தோறும் மதியச் சாப்பாடு வாங்குவதைத் தவிர அவர் தன் காதலை வேறு எவ்விதத்திலும் வெளிப்படுத்தியவர் அல்லர். எல்லாம் தெரிந்துவிட்டதே, இனி என்ன மர்மம் என்று நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். அந்த நினைப்புதான் பொறி. வடிவியல் கணக்குப் போலத் தோன்றும், ஆனால் உண்மையில் இயற்கணிதத்தால் தீர்க்க வேண்டிய வினாக்களைத் தேர்வில் கொடுப்பது தன் வழக்கம் என்று இஷிகாமியே ஓரிடத்தில் சொல்கிறார். முழு நாவலின் சாவியும் அந்த வரியில் கிடக்கிறது. நாம் அதை மிதித்துக்கொண்டே கடந்துபோகிறோம்.

இந்த நாவல் ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான நவோகி பரிசைப் பெற்ற காலத்தையொட்டி, தடயங்கள் வாசகருக்கு நேர்மையாகக் காட்டப்பட்டனவா, இதை முறையான புதிர் நாவல் என்று சொல்லலாமா என்று ஜப்பானிய மர்ம எழுத்தாளர்களிடையே பெரிய விவாதம் மூண்டது. பிறகு புதிர் நாவல்களுக்கென்றே உள்ள விருதும் இதற்குத்தான் கிடைத்தது. தடயத்தைப் பொறுத்தவரை எனக்குப் புகார் இல்லை. என் மனக்குறை யசுகோவைப் பற்றியது. இவ்வளவு பெரிய தியாகத்தை ஏற்றுக்கொள்ள அவளுக்கு விருப்பமா என்று இஷிகாமி கேட்பதே இல்லை. ஆசிரியரும் அவளுக்குப் போதுமான உள்மனத்தைத் தருவதில்லை. கடைசிப் பக்கங்களில் கண் கலங்கியது உண்மை. ஆனால் இதை உன்னதக் காதல் கதை என்று கொண்டாடுவோரோடு சேர்ந்துகொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. கேட்காமல் ஒருவர் தலையில் ஏற்றிவைக்கும் கடனைக் காதல் என்று எப்படிச் சொல்வது?

ஃபேன்டஸியில் சிக்கல் பெரும்பாலும் எதிர்த்திசையில் வருகிறது. அங்கே ஆசிரியர்கள் மறைப்பதைவிட அளவுக்கு மீறிப் பேசுவதால்தான் கெடுகிறார்கள். காதலும் ஃபேன்டஸியும் கலந்த புது அலையில் பெரும் வெற்றி பெற்ற ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) விறுவிறுப்பில் குறைவைக்காத நாவல். ஆனால் உயிர் போகும் உயரத்தில், ஒடுங்கிய பாலத்தின் மேல் நடக்கும் நாயகி வயலட், பதற்றத்தைத் தணித்துக்கொள்ளத் தன் நாட்டின் வரலாற்றையும் புவியியலையும் பாடம்போல ஒப்பிக்கிறாள். அது அவளுடைய இயல்பு என்று காரணம் தரப்பட்டிருக்கிறது. இருந்தும் அந்த ஒப்பித்தல் நமக்காகத்தான் என்பது தெரிந்துவிடுகிறது. டிராகன்கள் பேசும் இடங்கள் மட்டும் நன்றாக இருந்தன.

உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்துவைக்கிறது. அந்தத் தீவுக்கூட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. எனவே மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை மறைத்தே வாழ்கிறார்கள். மறைத்தல் அந்த உலகத்தின் சட்டமாகவே ஆகிவிடுகிறது. மாயத்தால் ஒரு சிக்கல் தீர வேண்டுமென்றால் அந்த மாயத்தின் விதி வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும் என்று ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதியதை லெ குவின் முன்னதாகவே எவ்வளவு அமைதியாகச் செய்திருக்கிறார்! செருக்கால் ஒரு நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிட்டு, உடலும் மனமும் சிதைந்து, மாயம் பயிலும் பள்ளியில் எல்லோராலும் ஒதுக்கப்பட்ட நிலையில் நாயகன் கெட் இருக்கிறான். விடைபெற வரும் நண்பன் வெட்ச், தானாகவே தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்கிறான். ஆறுதல் வார்த்தைகள் எதற்கும் அங்கே வேலையில்லை. ஒரு பெயர் மட்டும். நட்பைப் பற்றி இதைவிடச் சிறந்த காட்சியை நான் அண்மையில் படிக்கவில்லை.

என் கேள்விக்கு விதிவிலக்கான ஒரு மௌனமும் இதே நாவலில் உண்டு. கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் இன்னும் கறுத்தவன். லெ குவின் இதை அறிவித்துவிட்டுக் கதையைத் தொடங்குவதில்லை. வெள்ளை நாயகர்களுக்கே பழகியிருந்த அன்றைய வாசகர் அவனோடு பயணப்படத் தொடங்கிய பிறகு, சத்தமில்லாமல் தெரியவைக்கிறார். இது ஆசிரியருடைய மௌனம்தான். ஆனால் பக்கம் நிரப்புவதற்காக வந்ததல்ல. பல பதிப்புகளின் அட்டைகளில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் கெட்டுவிடும். முடிவில்லாத கூடங்களும் சிலைகளும், கீழ்த்தளத்தில் ஏறி இறங்கும் கடலலைகளும் கொண்ட ஒரு மாளிகையில் வாழ்பவன், தான் யாரென்று தெரியாமலேயே தன் குறிப்பேட்டை மிக ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரியாததை அவனால் மறைக்க முடியாது என்பதால் இங்கே மௌனம் முற்றிலும் நேர்மையானது. அவனுக்குப் புரியாத சொற்கள் நமக்குப் புரிந்துவிடும்போதெல்லாம் முதுகு சில்லிடுகிறது. பிற்பகுதியில் விளக்கங்கள் சற்று வேகமாக வந்து குவிகின்றன என்பது மட்டும் குறை.

கடைசியாக, காதலும் மர்மமும் ஒரே உடலாக இருக்கும் ஒரு நாவல்: டோரதி சேயர்ஸின் 'காடி நைட்' (1935). ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கற்பனையான பெண்கள் கல்லூரி. கொலையே கிடையாது, நச்சுக் கடிதங்களும் நாசவேலைகளும்தான். மர்ம நாவலாசிரியை ஹாரியட் வேன் திரட்டிய குறிப்புகளைப் படித்ததும், துப்பறிபவரும் அவளைக் காதலிப்பவருமான பீட்டர் விம்ஸிக்கு விடை ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. ஆனாலும் உடனே சொல்லிவிடுவதில்லை. தன் அச்சங்களே தன் கண்ணை மறைக்கின்றன என்பதை அவளே கண்டுகொள்ளட்டும் என்று காத்திருக்கிறார். துப்பறிபவர் விடையைக் கடைசி அத்தியாயம்வரை பதுக்கிவைப்பது இந்த வகையின் மிகப் பழைய தந்திரம். சேயர்ஸ் கையில் அதுவே ஒரு காதலன் அவள் அறிவுக்குத் தரும் மரியாதையாக மாறிவிடுகிறது. நீளம் அதிகம், அன்றைய ஆங்கிலேய மேட்டுக்குடி மனப்பாங்கு சில இடங்களில் உறுத்தும். படிப்பதாக இருந்தால் 1930-இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலையாவது முதலில் படித்துவிடுங்கள். தூக்குமேடையிலிருந்து தன்னைக் காப்பாற்றியவருக்கு ஹாரியட் ஏன் இத்தனை ஆண்டுகள் மறுப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்பது அதில்தான் இருக்கிறது.