முகத்தைப் பார்க்காதே, சத்தத்தைப் பார்

என் தம்பிக்கு 22 வயது. ஓட்டிசம் உள்ளவன். வாயால் அதிகம் கதைக்க மாட்டான், போனில் டைப் பண்ணுவான். போன மாதம் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு மூன்று மாணவர்கள் வந்தார்கள். கடைசி வருட ப்ரொஜெக்ட்டுக்காக ஒரு ஆப் செய்திருந்தார்கள். ஓட்டிசம் உள்ளவரின் முகத்தைப் போன் கமராவில் பார்த்து, அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று வீட்டாருக்குச் சொல்லுமாம். நல்ல பிள்ளைகள், கஷ்டப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். இன்னும் பலர் இதே மாதிரிச் செய்யப் போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பக்கத்து வளவில் மரம் அரிகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கதிரையில் இருந்தபடி சாரத்தின் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்: இன்னும் பத்து நிமிடம் போனால் அவனால் தாங்க ஏலாது. முகத்தில் மட்டும் சிரிப்பு. சத்தம் கூடக் கூட அவனுக்கு உதடு அப்படித்தான் விரியும். "அக்கா, முகம் சரியா விழல்ல, கொஞ்சம் நிமிரச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். அவன் நிமிர்ந்தான். திரையில் 'மகிழ்ச்சி' என்று வந்தது. அம்மா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆப்பில் ஆறு முகங்கள்: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பிரபலமாக்கிய அதே ஆறு. 'அந்தரமா இருக்கு' என்று நாம் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறோம்? அதற்கு அங்கே முகம் கிடையாது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லலாம் என்பதே ஆட்டம் காண்கிற கருத்து. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பரெட்டும் வேறு நான்கு விஞ்ஞானிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 2019இல் எழுதினார்கள்: கோபம் வந்தவர்கள்கூடப் பெரும்பாலான நேரம் முகத்தைச் சுளிப்பதில்லை. ஓட்டிசம் இல்லாதவர்களுக்கே இதுதான் நிலைமை என்றால், தம்பியின் சிரிப்பை அந்தப் போன் எப்படி விளங்கிக்கொள்ளும்?

ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் விளங்காது என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய சமூகவியலாளர், அவரும் ஓட்டிசம் உள்ளவர், 2012இல் அதை மறித்துக் கேட்டார்: எங்களை உங்களுக்கு விளங்குகிறதா? விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். அப்படியிருக்க, கருவியை மட்டும் ஏன் எப்போதும் ஒரு பக்கத்தாரின் முகத்துக்கு நேரே பிடிக்கிறோம்?

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சி இன்னதென்று பெயர் சொல்வதே கஷ்டம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தம்பிக்கும் அப்படித்தான். நல்ல கருவி வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

அன்று இரவு அவன் எனக்கு மெசேஜ் போட்டான். "அவங்க என்னட்ட ஒண்டும் கேக்கல்ல." உண்மை. கேட்டதெல்லாம் என்னிடமும் அம்மாவிடமும்தான், பதில் சொன்னதும் நாங்கள்தான். வருடக்கணக்காக அவனுக்காகக் கதைத்துக் கதைத்து, அவனைக் கேட்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருக்கிறது. சரி, உனக்கு எப்படி இருக்க வேணும் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"முகத்தப் பாக்காத. சத்தத்தப் பாரு. கூடினா ஒருக்கா அதிரணும். எனக்கு மட்டும். அம்மாக்குச் சொல்லக் கூடாது."

அப்புறம் இன்னொன்று: ஒரு பொத்தான் வேண்டுமாம். அமத்தினால் 'வெளிய போறன், பின்னால வராதீங்க' என்று பெரிய எழுத்தில் வர வேண்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரைக்கும் ஸ்பீக்கரும் பறையும் ஓயாது. அவனுக்குக் கோயில் பிடிக்கும். போக வேண்டும், ஆனால் தேவையான நேரத்தில் வெளியே வர வேண்டும், யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவனுடைய பிரச்சினை இதுதான். எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

'அம்மாக்குச் சொல்லக் கூடாது' என்றதை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தன் மனதில் இருப்பதை யார் பார்க்கலாம் என்று முடிவெடுப்பது 22 வயது ஆம்பிளைக்கு உரிமை இல்லையா? பாடசாலையிலும் வேலைத்தலத்திலும் ஆட்களின் உணர்ச்சியைக் கணிக்கிற ஏஐயை, மருத்துவம், பாதுகாப்பு தவிர்ந்த தேவைகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்திருக்கிறது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்து பேச வேண்டும் என்று அரசைக் கட்டுப்படுத்துகிறது. ப்ரொஜெக்ட் செய்கிற மாணவருக்கும் அந்த முறை பொருந்தும்தானே. எல்லாம் முடித்த பிறகு சோதித்துப் பார்க்க ஒரு முகம் தேடி வருவதைக் கலந்து பேசியதாகச் சொல்ல ஏலாது. என்ன செய்யப் போகிறோம் என்று தீர்மானிக்கிற முதல் நாளே அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். டைப் பண்ணியோ படம் கீறியோ, அவரவர் வழியில் பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். எடுத்த வீடியோ எங்கே இருக்கிறது, எப்போது அழிப்பீர்கள் என்று அவர்களிடமே சொல்ல வேண்டும். வேலைக்குக் காசும் கொடுக்க வேண்டும்.

அந்த மூன்று பேருக்கும் தம்பியின் மெசேஜை, அவனிடம் கேட்டுவிட்டு, அனுப்பினேன். ஒரு பிள்ளை, திரும்ப வரலாமா என்று கேட்டிருக்கிறா. தம்பியிடம் காட்டினேன். சனிக்கிழமை காலை பத்து மணி, கமரா வேண்டாம், கேள்விகளை முதல் நாளே எழுதி அனுப்ப வேண்டும் என்று டைப் பண்ணித் தந்தான். அதை அப்படியே அனுப்பிவிட்டேன்.