பார்க்கத் தயங்கும் ஓவியன்

பள்ளிக்கூடத்துக் காதல் நகைச்சுவை மங்காக்களில் (ஜப்பானியப் படக்கதைகளில்) கூச்ச சுபாவமுள்ள பையனுக்குப் பஞ்சமே கிடையாது. வகுப்பறையின் கடைசி வரிசையில் சன்னலோர இருக்கை அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நண்பர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு பெண் தானாக வந்து பேச்சுக் கொடுக்கும் வரை கதை ஓரடியும் நகராது. அவனுக்கென்று ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டுமே என்பதற்காகப் படைப்பாளி அவன் கையில் ஒரு தூரிகையையோ கிதாரையோ கொடுத்துவிடுவார். சில அத்தியாயங்கள் கழிந்தபின் அந்தத் தூரிகை எங்கே போயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. நனாஷி என்ற புனைபெயரில் இயங்கும் கலைஞர் எழுதி வரைந்த ‘இஜிரனைடே, நாகடோரோ-சான்’ என்ற தொடரையும் பலர் இந்த வரிசையில்தான் வைக்கிறார்கள். அந்தத் தொடரின் நாயகன் ஓவியனாக இல்லாமல் வேறு எதுவாக இருந்திருந்தாலும் அந்தக் கதையே நின்றிருக்காது என்பதும், அவனுடைய கூச்சமும் அவனுடைய ஓவியத்தில் உள்ள குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதும் என் கருத்து. கதையின் பிற்பகுதியைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இதைப் பின்னர் வாசிக்கலாம்.

கோடான்ஷா நிறுவனத்தின் ‘மேகசின் பாக்கெட்’ இணையத்தளத்தில் 2017 நவம்பரில் தொடங்கிய இந்த மங்கா, 2024 ஜூலையில் 20 தொகுதிகளுடன் நிறைவடைந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஓவியர்கள் தங்கள் படங்களைப் பகிரும் பிக்சிவ் தளத்தில் நனாஷி வரைந்து வெளியிட்ட சிறு சிறு படக்கதைகளில் இந்த இரண்டு பாத்திரங்களும் இருந்தார்கள். நாயகனின் பெயர் நாவோடோ ஹச்சியோஜி என்றாலும், கதைக்குள் அவனைப் பெரும்பாலும் ‘சென்பாய்’ (மேல்வகுப்பு மாணவரை அழைக்கும் ஜப்பானியச் சொல்) என்றே அழைக்கிறார்கள் என்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவன் இரண்டாம் ஆண்டு மாணவன், கண்ணாடி அணிந்தவன், மாலை நேரங்களில் பள்ளியின் ஓவியக் கழக அறையில் தனியாக உட்கார்ந்து வரைபவன். நாயகி நாகடோரோ அவனைவிட ஓராண்டு கீழே படிப்பவள்.

முதல் அத்தியாயத்தில் நூலகத்தில் வைத்து அவனுடைய பையிலிருந்து சில தாள்கள் கீழே சரிகின்றன. அவன் ரகசியமாக வரைந்துவந்த மங்காவின் பக்கங்கள் அவை. வீர தீரக் கற்பனைக் கதை. அதன் நாயகன் யாரைப் போல இருக்கிறான் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் தேவையில்லை. பெண்கள் சிலர் எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் போன பிறகும் நாகடோரோ மட்டும் இருந்து, அந்தப் பக்கங்களைக் காட்டிக் காட்டிக் கேலி செய்து, அவன் அழும் அளவுக்குப் போகிறாள். பிறகு அவளே கைக்குட்டையை எடுத்து அவன் கண்ணீரைத் துடைக்கிறாள். இந்தக் காட்சியில் எல்லோரும் கேலியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் தாள்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஏனென்றால் அவற்றில் இருப்பவர்கள் எவரும் அவன் நேரில் பார்த்த மனிதர்கள் இல்லை.

படம் வரையக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். தொடக்கநிலையில் இருப்பவர் ஒரு முகத்தை வரையும்போது எதிரில் உள்ள கண்ணை வரைவதில்லை. கண் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனத்தில் பதிந்திருக்கும் ஒரு குறியை வரைகிறார். ஆசிரியர் அருகில் வந்து, தாளைப் பார்ப்பதைக் குறைத்து ஆளைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும், பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவெடுக்கச் சொல்வதும் இந்தப் பழக்கத்தை உடைப்பதற்காகத்தான். மனிதர்களின் முகத்தை நேராகப் பார்க்க அஞ்சும் ஒரு பையன், தன்னையறியாமல் பிறர் வரைந்த முகங்களிலிருந்தே தன் முகங்களை எடுத்துக்கொள்கிறான். சென்பாய் கழக அறையில் அசையாப் பொருள்களை வைத்து வரையும்போது அவனுக்குச் சிக்கல் ஏதும் இல்லை. ஆப்பிள் திரும்பிப் பார்ப்பதில்லை. உயிருள்ள ஒருத்தி எதிரே உட்கார்ந்தவுடன் அவன் கை நடுங்குகிறது, கண்கள் தாளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. கூச்சம் என்ற குணத்தை வெட்கச் சிவப்பாகவும் திக்கித் திணறும் பேச்சாகவும் மட்டுமே காட்டிப் பழகிய ஒரு கதைவகையில், அதை ஒரு கோட்டின் தரக்குறைவாகவும் காட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அதனால்தான் நாகடோரோ கழக அறைக்கு வந்து, என்னை வரை என்று எதிரே உட்கார்ந்துகொள்வது வெறும் சீண்டலாக நின்றுவிடவில்லை. ஓர் ஆளை எதிரில் வைத்து வரைவதில் விசித்திரமான ஓர் அனுமதி இருக்கிறது. சாதாரண வாழ்க்கையில் ஒருவரை நீண்ட நேரம் உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. வரைகிறவனுக்கோ அது கடமை. பார்க்கப்படுபவர் அதற்கு இசைந்து, அசையாமல், சில சமயம் கழுத்து வலிக்க வலிக்க உட்கார்ந்திருக்கிறார். கூச்சமுள்ள பையனுக்கு இதைவிடக் கொடுமையான தண்டனையும் கிடையாது, இதைவிட நல்ல வாய்ப்பும் கிடையாது. அவள் ஒவ்வொரு முறை வந்து உட்காரும்போதும், அவன் ஒரு கணம் கூடுதலாக அவளைப் பார்க்கிறான். நனாஷியும் தன் பங்குக்கு நாகடோரோவின் முகத்தை ஒரே முகமாக வரைவதே இல்லை: பூனை வாய், கூர்மையான கோரைப் பல், பாம்பு போல் நெளியும் இளிப்பு, திடீரென்று எல்லாம் கலைந்து தானே சிவந்துபோகும் ஒரு சிறுமியின் முகம் என்று பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றங்களைச் சென்பாய் எந்த அளவு கவனிக்கத் தொடங்குகிறானோ அந்த அளவு நாமும் கவனிக்கிறோம். பல நகைச்சுவைத் தொடர்களில் முகபாவங்கள் வாசகரைச் சிரிக்க வைப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றன; இங்கே அவை ஓர் ஓவிய மாணவனின் பயிற்சிக் குறிப்பேடாகவும் இருக்கின்றன.

இனி, இந்தத் தொடரை வெறுப்பவர்கள் சொல்வதற்கு வருகிறேன். அந்தப் பெண் செய்வது ராகிங், அதைக் காதல் என்று விற்கிறார்கள் என்பதுதான் அவர்களின் குற்றச்சாட்டு. தொடக்க அத்தியாயங்களைப் பொறுத்தவரை எனக்கு அதில் மறுப்பு கிடையாது. அழ வைத்து ரசிப்பதைக் கண்ணீர் துடைக்கும் ஒரு கைக்குட்டை ஈடு செய்துவிடாது. நம் ஊரில் ராகிங் என்றால் மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பு மாணவரைப் படுத்துவது. மூத்தவர் இளையவர் என்ற படிநிலை மிகக் கறாராகப் பேணப்படும் ஜப்பானியப் பள்ளிக் கழகச் சூழலில் ஓர் இளையவள் மூத்தவனை இப்படி நடத்துவது தலைகீழ் வேடிக்கையாகத் தோன்றக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் தனியாக இருக்கும் ஒருவனைக் கும்பலாகச் சூழ்ந்துகொண்டு சிரிப்பதில் யார் மூத்தவர் என்பது பெரிய மாற்றத்தை உண்டாக்கிவிடாது. 2021இல் டெலிகாம் அனிமேஷன் ஃபிலிம் தயாரித்த அனிமேயின் (இயங்குபடத் தொடரின்) முதல் பருவம் இந்தக் கடுமையைக் கணிசமாகத் தணித்தது. மங்காவே கூட போகப்போகத் தன் தொனியை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்துக்கு வாசகரின் முகச்சுளிப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கதைக்குள்ளேயே கிடைக்கும் காரணம் இன்னும் சுவையானது. அவன் வரைவதை அவள் பார்க்கப் பார்க்க, கேலி செய்வதற்கான இடம் குறைகிறது. மோசமாக வரைந்தாலும் மறுநாளும் அதே அறையில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து வரைகிறானே, அந்தப் பிடிவாதம் அவளைத் தொந்தரவு செய்கிறது.

ஏன் தொந்தரவு செய்கிறது என்பது பிற்பாடுதான் தெரிகிறது. நாகடோரோ ஜூடோ பழகியவள். ஓரிஹாரா என்ற பெரும் திறமைசாலியிடம் தோற்றுத் தன் எல்லையை உணர்ந்த பிறகு அதை விட்டு விலகியவள். தன்னால் முதலிடத்தைத் தொட முடியாது என்று தெரிந்தவுடன் விட்டுவிட்ட ஒருத்திக்கு, முதலிடம் என்ற பேச்சே எழாத நிலையிலும் விடாமல் வரைந்துகொண்டிருக்கும் ஒருவன் எப்படித் தோன்றியிருப்பான்? கடற்கரைக்குப் போவதும், கோடைத் திருவிழாவும், புத்தாண்டுக் கோயில் வழிபாடும் என்று இவ்வகைத் தொடர்கள் தவறாமல் கடந்து செல்லும் சடங்குகளையெல்லாம் நடுத் தொகுதிகள் கடந்து செல்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அவள் மீண்டும் ஜூடோவுக்குத் திரும்புவதும் அவன் ஓவியக் கல்லூரியை இலக்காகக் கொள்வதும் அருகருகே நடக்கும் பகுதியில்தான் தொடர் மறுபடி உயிர் பெறுகிறது.

ஓவியக் கழகத்தின் தலைவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்பாயின் ஓவியத்தில் குறை எங்கே இருக்கிறது என்பதை உரைத்துக் காட்டும் பாத்திரம் அவள். கழகத்தையே கலைத்துவிடப் போவதாக அறிவித்து, பள்ளியின் பண்பாட்டு விழாவில் தன் ஓவியத்துக்கும் அவனுடைய ஓவியத்துக்கும் போட்டி வைக்கிறாள். அவள் காட்சிக்கு வைப்பது தன் ஆடையற்ற உருவத்தைத் தானே வரைந்த படம். அவன் வைப்பது நாகடோரோவின் படம். கூட்டம் எந்தப் பக்கம் குவியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒழுக்கக் காரணத்துக்காகத் தலைவியின் படம் விலக்கப்பட்டு, வெற்றி சென்பாய் பக்கம் வந்து விழுகிறது. இதை ஒரு சப்பையான திருப்பம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் தன் தூரிகையின் வலிமையால் அந்தப் பெண்ணை வென்றிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். அவளோ தன்னையே ஒளிவுமறைவின்றிப் பார்த்து வரையத் துணிந்தவள், அவனோ அடுத்தவரைப் பார்க்கவே இப்போதுதான் பழகுகிறவன். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, கழகத்தை மட்டும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் நனாஷி. நகைச்சுவைத் தொடரில் இந்த நேர்மை அபூர்வம்.

இதே காலத்தில் வந்த இன்னொரு தொடருடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஷினிச்சி ஃபுகுடா வரைந்து ‘யங் கங்கன்’ இதழில் 2018 முதல் 2025 வரை வெளிவந்த ‘சோனோ பிஸ்க் டால் வா கோய் வோ சுரு’ தொடரின் வகானா கோஜோவும் கூச்சமுள்ள பள்ளி மாணவன்தான். சிறுமிகளுக்கான திருநாளில் அலங்கரித்து வைக்கும் ஹினா பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சைதாமாவின் இவாட்சுகி பகுதியில் தாத்தாவிடம் வளர்ந்து, பொம்மைகளின் தலையைச் செய்யும் கைவினைஞனாக வேண்டும் என்று கனவு காண்பவன். அவன் கூச்சத்துக்குக் காரணம் வேறு: ஆண்பிள்ளையாக இருந்துகொண்டு பொம்மையை விரும்புகிறாயே என்று சிறுவயதுத் தோழி வெறுத்துச் சொன்ன சொல். அவனுடைய கை ஏற்கெனவே பழகிய கை. பொம்மை முகத்துக்குத் தீட்டக் கற்ற நுணுக்கத்தை அந்தத் தொடரின் நாயகி மரின் கிடாகவாவின் முக ஒப்பனைக்கு அப்படியே மாற்றிக்கொள்கிறான். அவனுக்குத் தேவைப்பட்டது தன் கலையை மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லும் ஒரு ஆள். சென்பாய்க்கு அது போதாது. அவன் கலையே இன்னும் அரைகுறையாக இருக்கிறது. எவ்வளவு பாராட்டினாலும் அந்தக் கோடு சரியாகிவிடாது. கோஜோவின் கதை இனிமையானது, வாசிப்பவரை எளிதில் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. கூச்சத்தை உள்ளிருந்து அறிந்த கதை எது என்று கேட்டால் நான் சென்பாயின் கதையைத்தான் காட்டுவேன்.

ஜப்பானில் ஓவியக் கல்லூரி நுழைவுத்தேர்வு என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. தனியார் பயிற்சி நிலையங்களில் சேர்ந்து, சுண்ணச் சிலைகளைக் கரித்துண்டாலும் பென்சிலாலும் மணிக்கணக்காக வரைந்து, தங்கள் படத்தை மற்றவர்களின் படங்களோடு சுவரில் மாட்டிவைத்து ஆசிரியர் குறை சொல்வதைக் கேட்டு, அப்படியும் முதல் முறையில் இடம் கிடைக்காமல் மறுபடி எழுதுபவர்கள் ஏராளம். கழக அறையில் தனியாக வரைந்துகொண்டிருந்த ஒருவனை இந்த வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது, தொடக்கத்தில் நூலகத்தில் தாள்கள் சிதறிய பொழுது அவனுக்கு நேர்ந்த அவமானம் வேறு வடிவத்தில் தினசரி வேலையாகிறது. இந்தக் கட்டத்தில் நாகடோரோவின் சீண்டல் அவனுக்கு ஏறக்குறைய ஓய்வு நேரம்.

அனிமேயை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்பாய்க்கு டைக்கி யமஷிதாவும் நாகடோரோவுக்கு சுமிரே உவேசாகாவும் கொடுத்த குரல்கள் மிக நன்றாக அமைந்திருக்கின்றன. 2023இல் ஓஎல்எம் நிறுவனத்துக்குக் கைமாறிய இரண்டாம் பருவத்தில் காதல் பகுதியும் கூர்மையாகவே வந்திருக்கிறது. ஆனால் ஓவியக் கல்லூரிக்கான பாடு முழுவதும் அந்த இரண்டு பருவங்களின் எல்லைக்கு அப்பால் மங்காவில்தான் இருக்கிறது. முதல் தொகுதியின் கசப்பைத் தாங்க முடியாமல் மூடிவைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பண்பாட்டு விழாப் பகுதியிலிருந்து நேராகத் தொடங்கினாலும் கதை புரியும், தலைவியின் ஓவியத்துக்கு முன்னால் நின்று அவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துக்கொள்ளலாம்.