எச்சரிக்கை யார் கையில் காத்திருக்கிறது?

2024 அக்டோபர் 29. ஸ்பெயினின் வலென்சியாவுக்கு அந்நாட்டு வானிலை மையம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் போன்கள் அலறியதோ இரவு 8.11க்கு. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்து, கார்களிலும் தரைத்தள வீடுகளிலும் ஆட்கள் சிக்கியிருந்தார்கள். அந்த மாகாணத்தில் மட்டும் 220 பேருக்கு மேல் இறந்தார்கள்.

போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி தயாராகத்தான் இருந்தது. அனுப்பும் முடிவுதான் நேரத்துக்கு வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. நீர்மட்டம் இந்த அளவைத் தாண்டினால், யார் ஒப்புதலுக்கும் காத்திராமல் பணியில் இருப்பவரே எச்சரிக்கையை அனுப்பலாம் என்று அரசுகள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூட்டம் போட்டுப் பேசி முடிக்கும்வரை தண்ணீர் நிற்காது.

எதில் அனுப்புவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. செல் பிராட்காஸ்ட்தான். எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகப் போகும், நெரிசலில் தேங்கும். இதுவோ டவரின் எல்லைக்குள் இருக்கும், இந்த வசதியுள்ள எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். எண் தெரிய வேண்டாம், செயலியும் வேண்டாம். ஜெர்மனி இதைக் கொண்டுவந்தது 2021 ஜூலை வெள்ளத்தில் 180 பேருக்கு மேல் பலியான பிறகுதான்.

சரி, போன் அலறினால் போதுமா? ஒருமுறை சோதனைச் செய்தி வந்தபோது அம்மா பதறிப்போய் ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டார். சத்தம் நின்றது, செய்தியும் திரையிலிருந்து போய்விட்டது. "என்னமோ வந்துச்சுப்பா, என்னன்னு பாரேன்" என்று போனை நீட்டினார். தேடி எடுக்க எனக்கே சில நிமிடங்கள் பிடித்தன. படித்தால் நீளமான அலுவலக நடை. என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி வரியில் இருந்தது. அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்: "மாடிக்குப் போங்கள். காரை எடுக்காதீர்கள்." அவரவர் பேசும் மொழியில்.

தவறாகப் போய்விட்டால் மறுப்பும் உடனே போக வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று பொய் எச்சரிக்கை போனது. அது தவறு என்ற செய்தி போன்களுக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. அப்படி ஒரு மறுப்பை முன்னதாகவே எழுதி வைத்திருக்கவில்லை.

அப்புறம், டவரே விழுந்துவிட்டால்? சைரனும் பேட்டரி ரேடியோவும் வேண்டும். காது கேளாதவர், படுக்கையில் இருப்பவர் வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது என்பதும் தெருவாரியாக, பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பே.