நோட்டரி பத்திரம் தத்து ஆகாது

‘ஆஸ்பத்திரியிலேயே குழந்தையை வாங்கிக்கலாம், பெத்தவங்க கையெழுத்தோட பத்திரத்தை நோட்டரி பண்ணிட்டா சட்டப்படி தத்துதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு, ஆபத்தும்கூட. நோட்டரி சான்று சொல்வது கையெழுத்து யாருடையது என்பதை மட்டும்தான்.

குழப்பம் 1956-ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம். அதில் பெற்றோரே நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம், உண்மை. ஆனால் இரு தரப்பும் இந்துவாக (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்) இருக்க வேண்டும். மகன் இருப்பவர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. கொடுப்பவர், எடுப்பவர் இருவரும் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருந்தால்தான், தத்து முறைப்படி நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும் (பிரிவு 16).

இந்த வழி இல்லையென்றால், வளர்க்க இயலாத தாய் குழந்தையை ஒப்படைக்க வேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழு (சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டத்தில் இயங்கும் அமைப்பு). மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. புரோக்கர் வழியில் அடிபடுவது முதலில் இந்த உரிமைதான்.

இப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க விரும்புவோர் ‘காரா’ (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் பதிய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றமல்ல, கலெக்டர். அந்த ஆணையை வைத்துத்தான் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும்.

இதையெல்லாம் தாண்டி அநாதைக் குழந்தையையோ ஒப்படைக்கப்பட்ட குழந்தையையோ வாங்கினால் சிறார் நீதிச் சட்டம் பிரிவு 80: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறியிருந்தால் பிரிவு 81, இன்னும் கடுமை.